பூட்டுச் சின்னமா, டொமைன் வயதா?

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ விடுதி அறை தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கும் இணையத்தளத்தை நம்பலாமா என்று பார்க்க, திருகோணமலையில் பலரும் முகவரிக்கு அருகிலுள்ள பூட்டுச் சின்னத்தையே தேடுகிறார்கள். நமது கைத்தொலைபேசிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை இடைவழியில் எவரும் வாசிக்க முடியாது என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. தளத்தை நடத்துபவரின் நேர்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அச்சின்னம் தோன்றத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாக வழங்குவதால் மோசடிக்காரரும் அதைப் பெற்றுவிடுகிறார். 2023 இல் குரோம் உலாவி அச்சின்னத்தையே கைவிட்டது.

டொமைன் வயது, அதாவது தளத்தின் இணைய முகவரி பதிவாகி எவ்வளவு காலம் ஆயிற்று என்பது, வேறு வகையான சான்று. இணைய முகவரிப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் ஒரு டொட் கொம் முகவரியை இட்டால், உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், பதிவான திகதி தெரியும். 'இருபது வருடச் சேவை' என்று முகப்பில் எழுதியுள்ள விடுதியின் முகவரி சென்ற மாதம்தான் பதிவாகியிருந்தால், பணம் அனுப்புவதை அங்கேயே நிறுத்த வேண்டும். மோசடித் தளங்கள் முறைப்பாடுகளால் முடக்கப்படும்போது, அவற்றை நடத்துவோர் புதுப்புது முகவரிகளுக்குத் தாவுகிறார்கள். இளம் வயது ஐயத்துக்குரியதாவது அதனால்தான்.

ஆயினும் பழைய முகவரிகளும் விலைக்குக் கைமாறுகின்றன, ஊடுருவப்படுகின்றன. பிளாக்ஸ்பாட் போன்ற பொதுத் தளத்தின் கீழ் இயங்கும் பக்கத்துக்குத் தாய்த் தளத்தின் வயதே காட்டப்படும். நேர்மையாகப் புதிதாகத் தொடங்கிய சிறு விடுதியை இந்த அளவுகோல் அநியாயமாக ஒதுக்கவும் கூடும். இரண்டில் நான் தெரிவு செய்வது டொமைன் வயதையே. முகவரி புதிதென்றால், அத்தளத்தில் உள்ள இலக்கத்தை விட்டு, ஊரில் விசாரித்துப் பெற்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசிய பின்னரே முற்பணம் அனுப்புங்கள்.