சுவிட்சை அழுத்தியாச்சு, கதவு எங்கே?

டூம் என்ற பழைய சுடும் விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த மேப்புகளை, அதாவது ஆடும் களங்களை, வருடக்கணக்காக ஆடுகிறேன். "நானும் இறக்கிப் பார்க்கட்டுமா?" என்று நண்பன் ஒருவன் கேட்டதால் இதை எழுதுகிறேன். வாட் கோப்பு (மேப்புகள் அடங்கிய கோப்பு) என்ன, ஜிஇசட்டூமில் (இன்றைய கணினியில் டூமை ஓட்டும் நிரல்) அதை எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் அவனுக்கே தெரியும், அதனால் நேராக என் எரிச்சலுக்கு வந்துவிடுகிறேன்.

பிரச்சினை அரக்கர்கள் இல்லை. ஆர்ச்-வைல் செத்ததையெல்லாம் எழுப்பிவிடட்டும், ரெவெனன்ட் விடும் ஏவுகணை வளைந்து வளைந்து துரத்தட்டும், அதற்குத்தானே வந்தோம். பிரச்சினை சுவிட்ச். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அறையைக் காலி செய்து, சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்துவோம், டக்கென்று சத்தம் வரும், சுவிட்சின் படம் மாறும், அவ்வளவுதான். எது திறந்தது என்று சொல்ல ஆளில்லை. சுவிட்சுக்கும் திறக்க வேண்டிய இடத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் டூமுக்குப் போதும், இரண்டும் மேப்பின் எதிரெதிர் மூலைகளில் இருக்கலாம். போதாததற்கு, விளையாட்டை ஓட்டும் பழைய எஞ்சினில் பொதுவாக அதன் கணக்கில் 1200 அலகுக்கு அப்பால் எழும் சத்தம் நம் காதுக்கே வராது. கதவு திறந்த சேதி அந்தக் கதவோடு சரி.

போன வாரம் ஒரு பெரிய மேப் (பெயர் வேண்டாம், பாவம், இலவசமாகத்தான் தருகிறார்). நீலச் சாவி கம்பிகளுக்குப் பின்னால் கண்ணெதிரே மினுக்கிக்கொண்டிருக்கிறது. சுவிட்சை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. பிணங்கள் கிடக்கும் அதே நடைகளில் ஓடி ஓடி, டேப் விசையைத் தட்டி களத்தின் வரைபடத்தைக் கோடு கோடாகப் பார்த்து, கடைசியில் தெரிந்தது: அந்த சுவிட்ச் இறக்குவது தூரத்து முற்றத்தில் இருக்கும் ஒரு லிஃப்ட்டை. அது கீழே வந்து, 3 விநாடி நின்று, திரும்ப மேலே போய்விடுகிறது! நான் போய்ச் சேரும்போது அது வெறும் சுவர். சுவிட்சிலிருந்து அங்கே ஓட ஒரு குறுக்கு வழி இருக்கிறதாம், அதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

சரி, எல்லாரும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2003இல் வந்த ஸ்கைத் என்ற மேப் தொகுப்பின் ஆரம்ப மேப்புகள் கைக்கு அடக்கமானவை, அழுத்தியதன் பலன் பெரும்பாலும் பக்கத்திலேயே தெரிந்துவிடும், ஒரு மேப் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2018இல் டூமின் 25ஆம் பிறந்தநாளுக்கு வந்த எவிட்டர்னிட்டி என்ற தொகுப்பில் 32 மேப்புகள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறு கல், வேறு வெளிச்சம், வேறு வானம். 1993இன் விளையாட்டுதானா இது என்று சுடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறேன் (இம்ப் ஒன்று அந்த நேரம் பார்த்துத் தீப்பந்தை எறிந்தது வேறு விஷயம்). 1997இல் மூல நிரலைத் திறந்துவிட்டார்கள், அன்றிலிருந்து யாராவது ஒருவர் சம்பளமில்லாமல் இதை மெருகேற்றிக்கொண்டே இருக்கிறார். காசு கொடுத்து வாங்கிய எத்தனையோ புது விளையாட்டுகள் இவ்வளவு நாள் என் கணினியில் தங்கியதில்லை.

அப்புறம் தீர்ப்பு. இன்றைக்குக் கேட்டால், வேண்டாம். இறக்காதே. இறக்கித்தான் தீருவேன் என்றால் ஸ்கைத்தின் முதல் பத்து மேப்போடு நிறுத்திக்கொள், வழி தொலைந்தால் வெட்கப்படாமல் வரைபடத்தைத் திறந்து ஐடிடிடி (iddt) என்ற குறுக்குவழிச் சொல்லைத் தட்டி முழு மேப்பையும் பார்த்துக்கொள். லிஃப்ட் இருக்கிற மேப்பைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே.