ஃபைபர் படகு கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: ‘சுனாமிக்கு முந்தைய மோல்டு’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்

மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் கரையில் புதிதாக ஃபைபர் படகு எடுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ‘சுனாமிக்கு முந்தைய மோல்டு (படகு வார்க்கும் அச்சு), அந்தக் காலத்துக் கனம்’ என்று சொல்லி ஒரு யார்டு (படகு கட்டும் பட்டறை) எங்களுக்குக் கட்டிக் கொடுத்த படகு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. வழக்கு நடப்பதால் யார்டின் பெயரை எழுதவில்லை. இதே பேச்சைப் பேசி இன்னும் பலரிடம் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பழைய படகு 1998-ல் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து எடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அதைத் தூக்கிக் கருவேலங்காட்டுக்குள் வீசியது. ஒரு பக்கம் கிழிந்துபோனது. ஒட்டுப் போட்டு மறுபடி தொழிலுக்கு இறக்கினோம், அதற்குப் பிறகும் பல வருஷம் உழைத்தது. மணலில் இழுத்து இழுத்து அடித்தண்டான ஏரா தேய்ந்த பிறகுதான் புதுசு எடுக்கலாம் என்ற பேச்சே வந்தது.

யார்டுக்காரர் கரைக்கே வந்து அந்தப் படகைப் பார்த்தார். விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதே மோல்டு நம்மகிட்ட இருக்கு. இதே கனத்துல போட்டுத் தர்றேன். இப்ப மத்தவங்க கட்டுறதெல்லாம் வெறும் தகரம்” என்றார். எத்தனை மேட் (கண்ணாடியிழை விரிப்பு), எத்தனை ரோவிங் (நெய்த கண்ணாடியிழைத் துணி) என்று எழுதித் தரச் சொல்லிச் சித்தப்பா கேட்டார். “எழுதுனாத்தான் நம்புவீங்களாண்ணே?” என்று சிரித்து மழுப்பிவிட்டார். பில்லில் ‘32 அடி ஃபைபர் படகு, 1’ என்று மட்டும் இருந்தது. மேட் ஒட்டுகிற நாளில் வந்து பார்க்கிறோம் என்று போன் செய்தால், ஒவ்வொரு முறையும் “நேத்தே முடிச்சாச்சு தம்பி” என்ற பதில்தான்.

படகு பார்ப்பதற்கு அழகாகத்தான் வந்தது. வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு, உள்ளே முழுக்கச் சாம்பல் பெயிண்ட். அந்தச் சாம்பல் பெயிண்ட் ஏன் என்பது பின்னால்தான் தெரிந்தது. முதல் சில மாதங்களிலேயே அலையில் ஏறி இறங்கும்போது அடிப்பாகம் காலுக்குக் கீழே அமுங்கி எழும்பியது. இன்ஜின் கட்டையைச் சுற்றி மயிரிழை போல விரிசல். அப்புறம் தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினால் புளித்த வாடையோடு ஒரு திரவம் வடிந்தது. கடைசியில் ஒரு நாள் வலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது. மூடி வைத்திருந்த மிதவை அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே பாலியூரித்தேன் ஃபோம் இல்லை. உடைந்த தெர்மாகோல் துண்டுகள், அவையும் ரெசின் (இழைகளை ஒட்டி இறுக்கும் பிசின்) பட்ட இடத்தில் கரைந்து குழிவிழுந்து கிடந்தன. படகு கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்ற வேண்டிய அறை அது. என் அண்ணன் அன்றைக்கு அந்தப் படகில் இருந்தான்.

அதற்குப் பிறகு சித்தப்பா செய்ததுதான் எங்களுக்கு உண்மையைக் காட்டியது. புதுப் படகில் விரிசல் விட்ட இடத்திலிருந்து கையகலத் துண்டு ஒன்று, கரையில் கிடந்த பழைய படகின் பக்கவாட்டிலிருந்து அதே அளவில் ஒன்று வெட்டி எடுத்தார். விரலால் தடவினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிமன்தான். கொட்டாங்கச்சி போட்டுத் தீ மூட்டி இரண்டையும் அதில் வைத்தார். ரெசின் கரும்புகை விட்டு எரிந்து போய்விடும், கண்ணாடியிழை எரியாது. ஆறிய பிறகு பழைய துண்டை எடுத்தால் இழை அடுக்கடுக்காகக் கழன்று வந்தது: மேட், ரோவிங், மேட், ரோவிங் என்று ஏழு அடுக்கு. புதுசில் இரண்டு மேட், ஒரு ரோவிங். மிச்சமெல்லாம் வெள்ளைப் பொடி, கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. ரெசினில் பொடியைக் கலந்து தடிமனைக் காட்டியிருக்கிறார்கள். மூலை முடுக்கில் புட்டியாகப் பொடி கலப்பது உண்டு. படகின் உடம்பு முழுக்க அதைப் போட்டால், அலை அடிக்கும்போது வளைந்து தாங்குவதற்கு இழை எங்கே இருக்கிறது?

உள்பக்கச் சாம்பல் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் படகைக் கவிழ்த்து, உள்ளே குனிந்து பார்த்தோம். பல இடங்களில் வெயில் ஊடுருவித் தெரிந்தது, நடுநடுவே காற்றுக் குமிழிகள். ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றவே இல்லை.

இந்த மோசடி எப்படி வேரூன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். மர வள்ளத்தின் காலத்தில் ஓடாவி (படகு கட்டும் தச்சர்) போடுகிற பலகையை நாமே பார்க்கலாம், கணு எங்கே, வெடிப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். கட்டுமரத்தில் மறைக்க ஒன்றுமே இல்லை. 1980களில் குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். அதிலும் பிளை நல்லதா மட்டமா என்பதுதான் ஆயுளை நிர்ணயித்தது. ஃபைபர் வந்த பிறகு தரம் முழுக்க உள்ளே ஒளிந்துகொண்டது. எங்களுடையது போன்ற சுனாமிக்கு முந்தைய நல்ல படகுகளில் மேட் தாராளமாக இருக்கும். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. புதிது புதிதாக யார்டுகள் முளைத்தன. ஓடுகிற ஒரு படகின் மேலேயே அச்சு எடுத்துக் கட்டியவர்களும் உண்டு. எத்தனை படகு கொடுத்தோம் என்ற கணக்கைத்தான் பலர் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை அடுக்கு என்று பார்த்தவர்கள் குறைவு. எல்லாரையும் சொல்லவில்லை. மேற்பார்வைக்கு ஆள் வைத்துக் கட்டிக் கொடுத்த அமைப்புகளின் படகுகள் நன்றாகவே உழைத்தன. ஆனால் அந்த அவசர காலத்தில் பழகிய சிக்கனத்தைச் சில யார்டுகள் இன்று வரை விடவில்லை. மேலே மட்டும் ‘பழைய மோல்டு’ என்று பெயர் ஒட்டிக்கொள்கிறார்கள். அச்சு வடிவத்தைத்தான் கொடுக்கும், அடுக்கைக் கொடுக்காது.

ஆகவே அடுக்குக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் அல்லது 450 கிராம் மேட் எத்தனை, 600 கிராம் ரோவிங் எத்தனை, ஏராவிலும் இன்ஜின் மாட்டும் பின்பக்க அமரப் பலகையிலும் கூடுதலாக எத்தனை என்று இருக்க வேண்டும். மேட்டுக்கு அதன் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போகும், ரோவிங்குக்கு ஏறத்தாழ சம எடை. அதற்கு மேல் ரெசின் ஊற்றினால் பலம் கூடாது, முறுக்கு மாதிரி ஒடியும். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் பொதுவாக ரெசினில் 1 முதல் 2 சதவீதம். அதைக் கண்ணளவில் ஊற்றுகிறவரிடம் படகு கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கொட்டகையில் மேட் ஒட்டினால் சரியாக இறுகாது. வாரக்கணக்கில் ரெசின் வாடை போகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். அமரப் பலகைக்குள் வைக்கும் பிளையில் ஐஎஸ் 710 (கடல் பயன்பாட்டுப் பிளைக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று மூடுவதற்கு முன்பே பாருங்கள். மிதவை அறையையும் அப்படியே. உள்பக்கப் பெயிண்ட் நீங்கள் பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அச்சிலிருந்து எடுத்ததும் விளிம்பில் அறுத்துத் தள்ளுகிற துண்டைக் கேட்டு வாங்கி எரித்துப் பாருங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். நேர்மையான யார்டு இதற்கு முகம் சுளிக்காது.

எரித்த துண்டோடு போனபோது எங்கள் யார்டுக்காரர் சொன்னது, “மணல்ல இழுத்தா அப்படித்தான் ஆகும், மேல ஒரு ஜெல்கோட் அடிச்சுத் தர்றேன், கூலி மட்டும் குடுங்க.” ஜெல்கோட் என்பது அரை மில்லிமீட்டர் மேல்பூச்சு. தண்ணீரைத் தடுக்கும், படகைத் தாங்காது. இது அவருக்குத் தெரியாததா?

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். படகு தொழிலுக்கு வாங்கியது, அதனால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு 2019 சட்டத்தில் இடம் உண்டு. பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், போட்டோ, போன் பதிவு, வெட்டிய துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இந்தக் கரையில் யாராவது இப்போது முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், நாளைக்கே யார்டுக்குப் போய் எத்தனையாவது அடுக்கு ஓடுகிறது என்று கேளுங்கள். எரித்த இரண்டு துண்டுகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டும் என்பவர்கள் கேட்டால் காட்டுகிறோம்.