பித்தளை லுட்விக் என்று அலுமினியத்தை விற்கிறார்கள், கவனம்

லுட்விக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய ஸ்நேர் டிரம் (அடியில் கம்பிகள் அதிரும் சிறிய டிரம்) ஒன்றுக்கான விளம்பரத்தில் போட்டிருந்தது இது, ஷெல் என்றால் டிரம்மின் உருளை உடல்: "1961 லுட்விக் 400, பித்தளை ஷெல், குரோம் முலாம், எல்லாமே ஒரிஜினல்." அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருந்தது 60களின் நடுவில் செய்த அலுமினிய ஸ்நேர் டிரம். அதன் மேல் வேறொரு டிரம்மிலிருந்து கழற்றிய பேட்ஜ், அதாவது நிறுவனப் பெயர்த் தகடு. வாங்கியவர் கொடுத்ததோ பித்தளைக்கான விலை. கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில், "பேட்ஜில் நம்பர் இல்லையே, அப்படியென்றால் பித்தளைதான்." பழைய லுட்விக் தேடுகிற எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுகிறார்கள்.

லுட்விக் 1960 வாக்கில் 400 என்ற மாடலை 'சூப்பர் லுட்விக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 14 அங்குல விட்டம், 5 அங்குல உயரம், 10 லக் (தோலை இறுக்கும் கம்பிகள் திருகி ஏறும் பிடிகள்), நடுவில் ஒரு பட்டை, பித்தளை ஷெல்லின் மேல் குரோம். 1963 வாக்கில் ஷெல் அலுமினியத்துக்கு மாறியது. 'சூப்ராஃபோனிக்' என்று உலகம் முழுக்கத் தெரிந்தது இந்த அலுமினிய டிரம்தான். அது மட்டமான டிரம் இல்லை, எண்ணற்ற ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் பித்தளையின் குரல் வேறு. கீழ்ச்சுருதியில் கனம் இருக்கும், மெதுவாகத் தட்டினாலும் முழு நாதம் வரும், ரிம்ஷாட்டில் (குச்சியால் விளிம்பையும் தோலையும் சேர்த்து அடிப்பதில்) காது கூசாது. பித்தளை 400 வெளிவந்த காலம் குறைவு, தேடுபவர்கள் அதிகம். ஏமாற்றுக்கு அது போதும்.

நம்பர் விஷயத்துக்கு வருவோம். கீஸ்டோன் பேட்ஜில் (மேலே அகன்று கீழே குறுகிய லுட்விக் தகட்டில்) சீரியல் நம்பர் அடிக்கத் தொடங்கியது 1963, 64 வாக்கில். அதனால் நம்பர் இல்லாத பேட்ஜ் பித்தளைக்கு அடையாளம் என்ற பேச்சு பரவிவிட்டது. இது பாதி உண்மைதான். பேட்ஜ்களைத் தொழிற்சாலையில் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை, கைக்கு வந்ததை எடுத்தார்கள். ஆகவே நம்பர் உள்ள சில டிரம்களிலும் பித்தளை ஷெல் உண்டு. அதைவிட முக்கியம், பேட்ஜ் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. நடுவில் இருக்கும் காற்றுத்துளை வளையம்தான் பேட்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஷெல்லின் உட்பக்கம் அந்த வளையத்தின் விளிம்பைப் பாருங்கள். 60 வருடப் பழைய வளையம் மங்கிப்போய், சுற்றிலும் அழுக்கு இறுகியிருக்கும். பளிச்சென்று இருந்தாலோ, விளிம்பு கிழிந்து கோணலாக மடிந்திருந்தாலோ, பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்தாலோ, பேட்ஜைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மேலே சொன்ன டிரம்மில் இந்த மூன்றுமே இருந்தன.

காந்தம் ஒட்டவில்லை என்று வீடியோ போடுவார்கள். அதை நம்பவே வேண்டாம். பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. எஃகு ஷெல் இல்லை என்பதற்கு மேல் காந்தம் எதையும் சொல்லாது. உட்புற நிறமும் உதவாது. முலாம் உள்ளேயும் ஏறியிருக்கும், மஞ்சள் பல்பின் கீழ் படம் எடுத்தால் எந்த ஷெல்லும் பித்தளையாகத் தெரியும்.

பொய் சொல்லாதது எடை. பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 8.5 கிராம், அலுமினியத்துக்கு 2.7. ஷெல்லின் தடிமனை 1 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், இந்த அளவுக்குப் பித்தளை சுமார் 1.2 கிலோ வரும், அலுமினியம் சுமார் 400 கிராம்தான். ஷெல்லின் தடிமன் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இந்த இடைவெளி மறையாது. ஹூப் (விளிம்பு வளையம்), ஹெட் (அடிக்கும் தோல்), டென்ஷன் ராட் (இறுக்கும் கம்பி), ஸ்நேர் கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லக்கும் ஸ்ட்ரெய்னரும் (ஸ்நேர் கம்பியை இறுக்கும் கருவி) மாட்டிய ஷெல்லை மட்டும் சமையலறைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். முழு டிரம்மின் எடையைச் சொன்னால் ஏற்க வேண்டாம், ஹூப்பை மாற்றியே அதைக் கூட்டிவிடலாம்.

அடுத்தது, ஒரே ஒரு லக் திருகைக் கழற்றி, வாஷர் அழுத்திய இடத்தை அண்மையில் படம் எடுக்கச் சொல்வது. முலாம் தேய்ந்த வட்டத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை தெரிந்தால் அலுமினியம். ஹெட் உட்காரும் விளிம்பிலும் இதே தேய்மானம் கிடைக்கும். வெளிப்பக்கம் குரோம் கொப்புளமாக எழும்பி, புள்ளி புள்ளியாக உதிர்ந்து, அடியில் வெள்ளைத் தூள் இருந்தால் மேலே விசாரிக்கவே தேவையில்லை. அலுமினியத்தின் மேல் குரோம் நிற்காமல் போவதன் அடையாளம் அது. பித்தளை அப்படி உதிராது, பச்சை பிடிக்கும்.

1920களின் செதுக்கு வேலை செய்த கறுப்பு டிரம்களில் ஏமாற்று இன்னும் நுட்பமானது. அன்று பித்தளையின் மேல் கறுப்பு நிக்கல் ஏற்றிய பிறகே கையால் செதுக்கினார்கள். அதனால் கோடுகளுக்குள் பித்தளை தெரியும். கோட்டுக்குள்ளும் கறுப்பு படிந்திருந்தால் பின்னாளில் மறுமுலாம் போட்டது. மறுமுலாம் போடுமுன் பஃபிங் சக்கரத்தில் தேய்ப்பார்கள். அதில் செதுக்கு மழுங்கும், ஹெட் உட்காரும் விளிம்பும் உருண்டுவிடும். அந்தக் கால லுட்விக் ஷெல்கள் இரண்டு பாதிகளை நடுப்பட்டையில் ஈயப்பற்று வைத்து இணைத்தவை. பற்று விட்டிருந்தால் தட்டும்போது ஒரு கரகரப்பு கேட்கும். ஷெல்லின் உள்ளே விளக்கை வைத்து இருட்டில் அந்த இணைப்பைப் பாருங்கள்.

விட்டத்தை நான்கு திசையில் அளக்கச் சொல்லுங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஷெல் நெளிந்திருக்கிறது, சுருதி நிற்காது. பிளாஸ்டிக் ஹெட் சந்தைக்கு வந்ததே 1957 வாக்கில்தான், அதற்கு முன் கன்றுத்தோல். கன்றுத்தோல் காலத்து ஷெல் சிலவற்றில் இன்றைய 14 அங்குல ஹெட் இறுகிச் சிக்கும். "எந்த ஹெட்டும் சேரும்" என்ற வாக்குறுதியைப் படத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும்போது, நண்பருக்கு அனுப்புவது போன்ற வழியில் அனுப்பச் சொன்னால், கமிஷன் மிச்சம் என்று ஆசை காட்டினாலும் அனுப்பாதீர்கள். பேபாலில் அந்த வழிக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பெட்டி வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஷெல்லை எடை போட்டு, வாஷர் வட்டத்தைப் படம் எடுத்து, "விவரித்தபடி இல்லை" என்ற பிரிவில் புகாரைக் கெடுவுக்குள் பதியுங்கள். பணம் திரும்பும்வரை புளியோ எலுமிச்சையோ பித்தளைப் பாலிஷோ ஷெல்லில் படக்கூடாது. பழைய அழுக்குதான் உங்கள் சாட்சி. அதைத் துடைத்துவிட்டால், நீங்களே பாகங்களை மாற்றிவிட்டீர்கள் என்று விற்றவர் சொல்வார்.