லோட்டஸ் செவன் மாதிரி காருக்கு ஈக்கோ எஞ்சின் செட் எடுக்கலாமா?

லோட்டஸ் செவன் இங்கிலாந்தின் பழைய, இலேசான, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்; எஞ்சின் முன்னால் நீளவாக்கில், டிரைவ் பின்சக்கரத்துக்கு. அது மாதிரி ஒன்றை நாமே கட்ட இறங்கினால் முதலில் கண் போவது ஹோண்டா சிட்டி எஞ்சின் மேல்தான். பவர் இருக்கிறது, ஆனால் அது குறுக்கே உட்காரும் முன்சக்கர டிரைவ் எஞ்சின். நேராகத் திருப்பி வைக்க வேறு கியர்பாக்ஸும், அதை எஞ்சினோடு இணைக்கும் அடாப்டர் பிளேட்டும் வேண்டும். ஓசூரில் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை என்றாலும், பிளேட்டின் சென்டர் 0.15 மி.மீ.க்கு மேல் தள்ளினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

மாருதி ஈக்கோவில் இந்தத் தலைவலி இல்லை. எஞ்சின் நீளவாக்கில், 5 கியர் பாக்ஸ், பின்னால் காயில் ஸ்பிரிங்கோடு, மூன்று கம்பிகள் பிடித்து நிறுத்தும் 3-லிங்க் ஆக்சில். எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வருகிறது. பழைய 1196 சிசி ஜி12பி எஞ்சின் பெட்ரோலில் 73 குதிரைத்திறன் தரும். குறைவு என்று முகம் சுளிக்க வேண்டாம். 1957-ல் வந்த முதல் செவனில் இருந்தது 1172 சிசி ஃபோர்டு எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன்தான். 500, 550 கிலோ வண்டிக்கு 73 தாராளம்.

வாங்கும்போது எஞ்சினை மட்டும் தூக்கி வராதீர்கள். இசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு), சாவி மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகாது. வயரிங்கை வெட்டாமல் முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) கேஜ் வைத்துப் பார்த்து, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 பாரைத் தாண்டினால் விட்டுவிடலாம். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் புதிதுதான் போட வேண்டும்.

ஆக்சில் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர புரோபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) எத்தனை சுற்று வருகிறது என்பதை, விற்பவர் வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதைச் சரியாக 2 சுற்று சுற்றி, அந்தத் தண்டு வந்து மாட்டும் ஆக்சில் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்தான் விகிதம். 4.3 வந்தால், 155/65 ஆர்13 டயரில், எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே தண்டும் சுற்றும் 1:1 கியரில், 6000 ஆர்பிஎம்முக்கு மணிக்குச் சுமார் 140 கி.மீ. 185/60 ஆர்14 போட்டால் 152.

செட்டின் பெரிய குறை கியர் லிவர். ஈக்கோவில் டிரைவர் எஞ்சின் மேல் உட்காருகிறார், லிவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் முன்னோக்கி ஓடும். செவனில் டிரைவர் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தள்ளி உட்காருவதால் அதைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். யோசிக்காமல் திருப்பினால் முதல் கியர் இடத்தில் இரண்டாவது விழும். மாருதியின் ஜீப் ரக வண்டியான ஜிப்ஸியின் கியர்பாக்ஸில் லிவர் நேராக மேலேயே இருக்கிறது. ஆனால் அதன் பின் ஆக்சிலில் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருக்கும், ஆக்சிலும் கனம். ஜிப்ஸி எஞ்சினும் பாக்ஸும், ஈக்கோ ஆக்சிலும் சேர்ந்தால் அருமையான கூட்டணி. ஜிப்ஸி சல்லிசாகக் கிடைத்தால்தானே!

புரோபெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சின்னதாக்கினால் இரு முனையிலும் ஜாயின்டைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சும் ஆக்சில் ஃபிளாஞ்சும் இணையாக, ஜாயின்ட் கோணம் 3 டிகிரிக்குள். வெல்டிங்குக்குப் பிறகு பேலன்ஸிங் கட்டாயம். அதில் காசு மிச்சம் பிடித்தால் வேகம் ஏறும்போது தரையே அதிரும்.

ஆர்டிஓ ஆபீசில் இது பதிவாகும் என்று கனவு காண வேண்டாம். கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிரெய்லரில் ஏற்றி, ஓசூரிலிருந்து சென்னை போகும் ரோட்டிலேயே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டலாம்.