63ஆம் தெருவில் "பெண்களுக்கு மட்டும்" அறை: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நியூயார்க்கில் வேலைக்கோ படிப்புக்கோ வரும் பெண் பிள்ளைகளும், அவர்களுக்காக அறை தேடும் அப்பா அம்மாக்களும் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மன்ஹாட்டனில் லெக்ஸிங்டன் அவென்யூவும் 63ஆம் தெருவும் சேரும் முனையில் பழைய பார்பிசான் கட்டடம் இருக்கிறது. அங்கே ஓர் அறை தருவதாகச் சொல்லி ஒருவன் எங்களிடம் 7,200 டாலர் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். கட்டடத்து ஆட்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியும் கையுமாக நாங்கள் போய் நின்றபோதுதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது.

நாங்கள் இருப்பது நியூஜெர்சி எடிசனில். மகளுக்கு மன்ஹாட்டன் கிழக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. இரவு ஷிஃப்ட். எடிசனில் ரயில் ஏறி, பென் ஸ்டேஷனில் இறங்கி, சப்வே மாறி, கடைசியில் கொஞ்சம் நடை என்று ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் காலை ரயிலில் அசந்து தூங்கி, எடிசனைத் தாண்டி நியூ பிரன்ஸ்விக்கில் இறங்கி நின்றுகொண்டு, "அம்மா, வந்து கூட்டிட்டுப் போறியா?" என்று போனில் அழுதாள். அன்றைக்கே அறை தேட ஆரம்பித்தோம்.

மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் எல்லாமே எங்கள் கைக்கு எட்டாத வாடகை. அப்படித் தேடும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு படுக்கையறை வீட்டில் ஓர் அறை, மாதம் 2,200 டாலர். கீழே இரண்டு வரி: இந்தக் கட்டடத்தின் பழைய மரபுப்படி பெண்களுக்கு மட்டும், மூன்று பேரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டும்.

அந்த இரண்டு வரியில்தான் நான் விழுந்தேன். ஏன் என்று விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

பார்பிசான் 1927இல் கட்டிய 23 மாடி விடுதி. ஊரை விட்டுத் தனியாக நியூயார்க்குக்கு வேலை தேடி வரும் பெண்கள் தங்குவதற்கென்றே கட்டியது. சுமார் 700 சின்னச் சின்ன அறைகள். ஒரு கட்டில், ஒரு மேசை, துணி வைக்க ஓர் அலமாரி, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குக் குளியலறைகூடப் பொதுதான். ஆனால் கீழே நீச்சல் குளம், நூலகம், பாட்டும் வாத்தியமும் பழக அறைகள் எல்லாம் இருந்தன. சேருவதற்கு மூன்று நற்சான்றுக் கடிதம் கட்டாயம். ஆண்கள் கீழ்த்தளத்தைத் தாண்டி மேலே போக முடியாது. நடிப்புப் பள்ளியில் படித்த காலத்தில் கிரேஸ் கெல்லி இங்கே தங்கியிருந்தார். டைட்டானிக்கில் உயிர் தப்பிய மோலி பிரவுன் 1932இல் இங்கேதான் காலமானார். கவிஞர் சில்வியா பிளாத், பத்திரிகை ஒன்றில் விருந்தினர் ஆசிரியராக 1953 கோடையில் இங்கே தங்கினார். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். பிளாத்தைப் பாடமாகப் படித்த நாளிலிருந்தே இந்தக் கட்டடத்தின் பெயர் எனக்குத் தெரியும்.

அதோடு, நானும் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் சென்னை எழும்பூரில் பெண்கள் விடுதியில் இருந்து வேலைக்குப் போனவள். லோக்கல் கார்டியன் கையெழுத்து, விசிட்டர் ரூம், எட்டரைக்குப் பூட்டும் கேட் என்று அங்கே எல்லாமே கறார். அப்போது அந்த வார்டனைத் திட்டாத நாளில்லை. ஆனால் ஊரில் இருந்த என் அம்மா நிம்மதியாகத் தூங்கியது அந்த வார்டனை நம்பித்தான். மூன்று கடிதம் கேட்கிறார்கள் என்றதும், இங்கேயும் அப்படி யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று என் மனம் தானாகவே நம்பிவிட்டது. என்னைப் போன்ற ஓர் அம்மாவுக்காக யோசித்து எழுதின வரி அது.

இப்போது அங்கே விடுதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 1981இல் ஆண்களையும் தங்க அனுமதித்தார்கள். அப்புறம் சாதாரண ஹோட்டலாக நடந்தது. 2005க்குப் பிறகு உள்ளே இருந்த சின்ன அறைகளையெல்லாம் இடித்துச் சேர்த்து ஆடம்பர கண்டோமினியம் வீடுகளாக்கி, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சொந்தக்காரர் இருக்கும்படி, விற்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 2,200 டாலருக்கு எப்படி அறை கிடைக்கும் என்று நானே அவனிடம் கேட்டேன். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தான். "என் பெரியம்மா அந்தக் காலத்திலிருந்தே இங்கே இருப்பவர். வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்கும் பழைய குடித்தனக்காரர். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தன் வீட்டில் ஒரு நல்ல பெண் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்" என்றான்.

இந்தப் பொய்யின் பலம் என்னவென்றால், இதில் பாதி நிஜம். கட்டடம் கைமாறியபோது, பல வருஷமாகக் குறைந்த வாடகையில் இருந்த சில பெண்களை வாடகைச் சட்டம் காப்பாற்றியது. அவர்களை வெளியேற்ற முடியாமல், அதே கட்டடத்துக்குள்ளேயே புதுப்பித்த வீடு கொடுத்தார்கள். இதை நான் முன்பே படித்திருந்தேன். அதனால் அவன் சொன்னதும் "ஆமாம், அப்படி உண்டு" என்று தலையாட்டினேன். நாம் எங்கோ படித்த ஓர் உண்மையோடு ஒருவன் தன் கதையை முடிச்சுப் போட்டுவிட்டால், முழுக் கதையும் உண்மை போலத் தெரிகிறது.

அக்டோபரில் ஒரு மழை நாளில் போய்ப் பார்த்தோம். லாபிக்கு அவனே இறங்கி வந்து, டோர்மேனிடம் (வாசல் காவலரிடம்) சிரித்துப் பேசி, எங்களை விருந்தாளிகளாக மேலே அழைத்துப் போனான். சாவி அவனிடம் இருந்தது. கதவு திறந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தோம். ஜன்னல் ஓரத்து அறையைக் காட்டி, "சில்வியா பிளாத் இருந்த அறை இதுதான்" என்றான். நான் அந்த ஜன்னல் பக்கத்தில் போய் நின்று வெளியே பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. பழைய அறைகளின் சுவர்களே இப்போது இல்லை, யாருடைய அறையையும் அப்படியே காட்ட முடியாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தானே? அந்த நிமிஷம் அது நினைவுக்கே வரவில்லை. மகள் தன் நீலக் குடையை, வெள்ளைப் பூப்போட்டது, ஈரத்தோடு ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாள். கிளம்பும்போது மறந்துவிட்டோம். ரயிலில் ஞாபகம் வந்தது. "பரவாயில்லம்மா, அங்கதானே குடிபோகப் போறேன்" என்றாள்.

அவன் கேட்டது: முதல் மாத வாடகை 2,200, கடைசி மாத வாடகை 2,200, முன்பணம் 2,200, குடிவரும் கட்டணம் என்று 600. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பினேன். பின்னணி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி மகளின் பாஸ்போர்ட் நகலையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் வாங்கிக்கொண்டான். நற்சான்றுக் கடிதம் கொடுத்தவர்கள் அவளுடைய பேராசிரியை ஒருவர், பழைய மேலாளர் ஒருவர், எங்கள் குடும்ப நண்பர் ஒருவர். மூவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் அவன் கைக்குப் போய்விட்டன.

நவம்பர் முதல் சனிக்கிழமை. இவர் கார் ஓட்ட, மூன்று பெட்டி, ஒரு மெத்தை, ஒரு குக்கர், பொடி டப்பாக்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். லாபியில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யாரும் குடிவருவதாகப் பதிவு இல்லையே என்றார். சாமான் லிஃப்ட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமாம். காப்பீட்டுச் சான்றும் கொடுக்க வேண்டுமாம். எங்களிடம் எதுவும் இல்லை. வீட்டு எண்ணைச் சொன்னோம். அங்கே இருந்தவரின் குத்தகை அக்டோபரோடு முடிந்து அவர் காலி செய்துவிட்டார் என்றார். பெரியம்மாவா? அப்படி யாரும் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவன் சில மாதம் அங்கே வாடகைக்கு இருந்தவன். போகிற போக்கில் எங்களை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறான். போன் அடித்தோம், எண் உபயோகத்தில் இல்லை. மகள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த லாபிக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம்தான். நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்று வங்கி கைவிரித்தது. காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டு நகல் கொடுத்தார்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் பதிந்தோம். நியூயார்க் நகரச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 10,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். அவன் சொன்ன பெயரே பொய். பணத்தைவிட அவசரமாகச் செய்தது, கடன் விவரங்களை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும், அவள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி மகளின் கிரெடிட்டை முடக்கியது. இலவசம்தான், அரை மணி நேரத்தில் முடிந்தது. உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் தப்பான கையில் போய்விட்டது என்று தோன்றினாலே அன்றைக்கே செய்துவிடுங்கள்.

இப்போது தெரிந்துகொண்டவை எல்லாம் எங்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டியவை. நியூயார்க் மாநிலத்தில் 2019 சட்டத்துக்குப் பிறகு முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. "கடைசி மாதம்" என்று வேறு பெயர் வைத்து முன்கூட்டியே கேட்டாலும் அது இந்த வரம்புக்குள்தான் வரும். மூன்று மாதப் பணம் கேட்டபோதே எழுந்து வந்திருக்க வேண்டும். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை நகரத்தின் பத்திரப் பதிவுத் தளமான ஏக்ரிஸில் முகவரியையும் வீட்டு எண்ணையும் போட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நாங்கள் ஏமாந்த பிறகு பார்த்தோம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் வெளியூர் நிறுவனம் ஒன்று. வாடகைக் கட்டுப்பாட்டு வீடாக இருந்திருந்தால் அது பெரும்பாலும் விற்காத வீடாக, கட்டடக்காரர்கள் பெயரில் இருந்திருக்கும். ஒரே பார்வையில் அவன் கதைமேல் சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பெரியம்மா நிஜமாகவே இருந்திருந்தாலும், வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அவர் வீட்டை உள்வாடகைக்கு விட முடியாது.

எல்லாவற்றையும்விட எளிது ஒன்று இருந்தது. கண்டோமினியம் என்றால் அதற்கு ஒரு நிர்வாக அலுவலகம் உண்டு. புதிதாக யார் குடிவந்தாலும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். மழைக்கு லாபியில் ஒதுங்கி நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில், நிர்வாகத்தின் எண்ணை டோர்மேனிடமே கேட்டிருக்கலாம். "இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்? உள்வாடகைக்கு அனுமதி உண்டா?" என்று ஒரு போன். அந்தப் போனை நான் செய்யவில்லை. அவ்வளவு பெரிய பெயருள்ள இடத்தில் போய் சந்தேகமாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

நற்சான்று கொடுத்த மூன்று பேருக்கும் நடந்ததைச் சொல்லி, இனிமேல் அந்தப் பெயரில் எது வந்தாலும் பதில் போடாதீர்கள் என்று எழுதினேன். பேராசிரியைக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. மகள் இப்போது குவீன்ஸில் அஸ்டோரியாவில், கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு இருக்கிறாள்.

போன வாரம் இவர் வேறொரு தளத்தில் அதே விளம்பரத்தைப் பார்த்தார். பெயர் வேறு, தொலைபேசி எண் வேறு, வாடகை 2,400. பெண்களுக்கு மட்டும், மூன்று நற்சான்றுக் கடிதம் என்ற அதே இரண்டு வரி. உடனே அந்தத் தளத்துக்குப் புகார் செய்தோம், ஆனால் இன்னோர் இடத்தில் மறுபடி போடுவான். ஜன்னல் ஓர அறையின் படம் ஒன்று அதில் வரும். நாற்காலியைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளைப் பூப்போட்ட நீலக் குடை ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அது என் மகளுடையது.