கே.கே. நகர் கவுன்சலிங் சென்டர்: மகனின் செல்போன் பழக்கத்தை அளந்த விதம்

மதுரை கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. காலாண்டில் கணக்கில் 31 வாங்கி வந்த அன்று, இணையத்துக்கு அடிமையா என்று பார்க்க நெட்டில் கிடைத்த இலவச டெஸ்ட் ஒன்றை எழுத வைத்தேன். 'துணையுடன் நெருக்கமாக இருப்பதைவிட இணையம் பிடிக்கிறதா?' என்று 15 வயதுப் பையனிடம் கேட்டது. முடிவில் சிவப்பு எழுத்தில் 'தீவிர அடிமை', அதற்குக் கீழேயே 8,999 ரூபாய் முகாமுக்கு விளம்பரம். அதை நம்பி போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். மூன்று நாள் அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

அப்புறம்தான் கடைக்கு வரும் டீச்சரம்மா சொல்லி இங்கே போனோம். கவுன்சலிங் தரும் மேடத்துக்கு அந்த டெஸ்ட் தாள் தெரிந்திருந்தது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998இல் கொண்டுவந்தது; 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5 மார்க் வரை, மொத்தம் 100. துணை, வேலை பற்றியெல்லாம் பெரியவர்களிடம் கேட்பதை அப்படியே பிள்ளைகளிடம் நீட்டக்கூடாது என்றார். அவனைத் தனியாக உட்காரவைத்து, கேள்விகளை அவன் வயதுக்கு மாற்றிக் கேட்டார். எனக்கும் பெற்றோருக்கான 20 கேள்வி: சொன்ன நேரத்தைத் தாண்டுகிறானா, என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் மறைக்கிறானா.

அவன் தனக்குப் போட்டது 57. நான் அவனுக்குப் போட்டது 81. ஐம்பதைத் தொட்டால் நடுத்தரம், எண்பதைத் தொட்டால் தீவிரம். "இந்த 24 எங்கருந்து வந்துச்சுன்னு பாப்போம் சார்" என்று இரண்டு தாளையும் அருகருகே வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வந்தார். ராத்திரித் தூக்கம் பற்றிய கேள்விக்கு மட்டும் அவனே தனக்கு 5 போட்டிருந்தான். ஏன் தம்பி என்றார். "அம்மாவுக்கு நைட் டூட்டி. அப்பா கடையடைச்சு வர பதினொன்னாயிரும். தனியா இருக்க பயமா இருக்கு. கேம்ல பசங்க கூட பேசிக்கிட்டு இருப்பேன்." என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வியாதி என்று எழுதுவீர்களா என்று கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, அதற்கே பொதுவாக 12 மாதம் நீடித்த பாதிப்பைப் பார்ப்பார்கள், ஒருநாள் மார்க்கை வைத்து முத்திரை குத்த மாட்டேன் என்றார். இரண்டு வாரம் தூங்கிய நேரத்தை அவனையே எழுதிவரச் சொன்னார்.

குறையும் உண்டு. டெஸ்டின் தமிழ்த் தாளில் 'இணையத்தின்பால் மனம் லயித்தல்' என்று ஒரு வரி. "நெட் பாக்காதப்பவும் அதே நெனப்பா இருக்கா" என்று மேடம் சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கி, 4 போட்டதை 2 ஆக்கினான். அதுவே மார்க்கை மாற்றிவிடும். தாளைத் திருத்தியே ஆகவேண்டும். சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

5க்கு 4 தருகிறேன். முதல் தடவைக்கு 700 ரூபாய். செவ்வாய் காலை கூட்டம் இல்லை. அம்மா அப்பா இரண்டு பேரும் போங்கள். நான் மட்டும் போனதால் என் மனைவிக்காக இன்னொரு நாள் அலைய வேண்டியதாயிற்று.