அரைகுறையாகக் கழுவிய குழாய்

ஊருக்குப் போன வேலைகளெல்லாம் நல்லபடியாக முடிந்தன, அதை விடுங்கள். மனதில் இன்னும் ஆறாமல் இருப்பது தெருக்கோடியில் நடந்த தண்ணீர்ச் சண்டைதான்.

தண்ணீர் விடும் நேரத்துப் பரபரப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து வால்வு ஆள் கடைசி வீட்டுக்கு எதிரே வாஷ் அவுட்டை, அதாவது தெருக்குழாயில் படிந்த அழுக்கைக் கழுவி வெளியேற்றும் வால்வை, திறந்துவிட்டார். பழுப்புத் தண்ணீர் சாக்கடையில் பாய்ந்தது. தெருவே திரண்டுவிட்டது. "குடிக்கிற தண்ணிய இப்படிக் கொட்டுறீங்களே அண்ணே!" "தெளிஞ்சதும் மூடிடுறேன், கொஞ்சம் பொறுங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பாதியிலேயே மூட வைத்தார்கள். அத்தனை கத்தலிலும் மனிதர் வால்வை நிதானமாகத்தான் திருகினார். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அந்த அதிர்ச்சியில் குழாயே உடையலாம். தொழில் தெரிந்தவர்.

நான் இருக்கும் அமெரிக்காவில் குழாய் கழுவும் இதே வேலையை ஹைட்ரண்டை, அதாவது தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்கும் தெருவோரக் குழாயை, திறந்து செய்கிறார்கள், பல ஊர்களில் வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ. அங்கே தெருக்குழாய் தீயணைக்கும் அளவுக்குப் பெரிதாகப் போடப்பட்டிருக்கும். அன்றாடத் தேவை அதில் சிறு பங்குதான். அதனால் தண்ணீர் ஊர்ந்து போகிறது. இரும்பும் மாங்கனீசும் அடியில் படிகின்றன. முட்டுச்சந்துக் குழாயில் தண்ணீர் தேங்கிக் குளோரினும் தீர்ந்துபோகிறது. படிந்ததைக் கிளப்பி வெளியேற்ற விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகமாவது வேண்டும் என்பார்கள். 150 மில்லிமீட்டர் குழாயில் அது நிமிடத்துக்குச் சுமார் 1,600 லிட்டர்! வீட்டுக் குழாயைத் திறந்து வைத்தால் நடக்கிற காரியமா? தெருவின் மெயின் குழாயிலிருந்து நேராக, அகலமான வாயோடு, தெருவுக்குத் தெரு நிற்பது ஹைட்ரண்ட்தான். அவசரத்துக்கு அது திறக்குமா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். சில இடங்களில் பக்கத்து வால்வுகளை மூடி, சுத்தமான பக்கத்திலிருந்து ஒரே திசையில் தள்ளுவார்கள். ஓடைக்குப் போகும் தண்ணீர் என்றால் மீன் சாகாமலிருக்க முதலில் குளோரினை நீக்குவார்கள். மீனுக்குக் கிடைக்கிற மரியாதை!

நம் தெருவில் ஹைட்ரண்ட் இல்லை, வாஷ் அவுட் இருக்கிறது. வேலை ஒன்றுதான். சொல்லப்போனால், விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில் இது இன்னும் அவசியம். காலிக் குழாயில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் புகும்போது பழைய வண்டல் கிளம்பும். அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே வெளி அழுக்கும் உள்ளே வரும். அதனால் கொட்டிய தண்ணீருக்காக எனக்கு வருத்தமில்லை. பாதியில் நிறுத்தினார்களே, அதுதான் எரிச்சல். கிளப்பிய அழுக்கு வெளியே போகாமல் குழாயிலேயே நின்றுவிட்டது. அடுத்த முறை தண்ணீர் விட்டபோது வீட்டுக்கு வீடு கலங்கல், எங்கள் வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பு. அதற்கும் அந்த வால்வு ஆளுக்கே திட்டு.

தெருக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும்: இந்தத் தேதியில் தண்ணீர் கலங்கலாம், துணி துவைக்காதீர்கள், வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள், தெளியும்வரை பச்சைத் தண்ணீரை ஓடவிடுங்கள். இங்கே மூச்சுகூட விடவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றார்கள். சரி, எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்டோவில் மைக் கட்டி முந்தின நாள் ஒரு சுற்று வந்தால்கூடப் போதும் என்று.